தொட்டி எலுமிச்சைக்கு மருந்தடிக்கும் முன்

புளியங்குடி
பங்குனி மாதம்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் எலுமிச்சையின் படங்களை அனுப்பி, இலை மஞ்சளாகிறது, பூ கொட்டுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். வாங்கி வைத்திருப்பதாக நீ சொன்ன யூரியாவையும் பூச்சி மருந்தையும் இப்போதைக்குத் தொடாதே. நம் தோட்டத்து மரமென்றால் தண்ணீரும் சத்தும் இருக்கும் இடம் தேடி வேரை ஓட்டிக்கொள்ளும். தொட்டியில் நிற்பதற்கு அந்த வழி இல்லை. அதனால் தொட்டிச் செடிக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வேரில் தொடங்கி, வெகு நாள் கழித்தே இலையில் வந்து தெரிகின்றன.

முதலில் மண்ணைப் பார். விரலை இரண்டு அங்குல ஆழத்துக்கு விட்டு, அங்கே ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் வரை நிறைய ஊற்ற வேண்டும். காலையும் மாலையும் ஒரு செம்பு வீதம் ஊற்றுவதாக எழுதியிருந்தாயே, அதனால் மேல்மண் சேறாகவும் அடிமண் வறண்டும் இருக்கும், அல்லது துளை அடைபட்டிருந்தால் அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்பதால் ஈரமண்ணில் நிற்கும்போதே செடி வாடும். அதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றுவோம். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடு. தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல் மூன்று செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் தண்ணீரும் வடியும், சித்திரை வெயிலில் கொதிக்கும் தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது.

அடுத்தது தண்ணீரின் தரம். உங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பது உன் படத்திலேயே தெரிகிறது, அது உப்பு. இலையின் நுனியும் ஓரமும் கருகிச் சுருள்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தண்ணீர் வீணாகக்கூடாது என்று நினைத்து, குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் சென்னையில் பல வீடுகளில் இருக்கிறது. உன் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடு. நீரில் உள்ள உப்பையெல்லாம் திரட்டித் தள்ளுவது அந்தக் கழிவில்தான், எலுமிச்சையோ உப்பைச் சற்றும் தாங்காத இனம். அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் ஆகியவற்றை ஊற்றலாம். ஐப்பசி மழை வரும்போது ஒரு பீப்பாயில் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள். அதுவரை, மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவுக்கு இரு மடங்கு மெதுவாக ஊற்றி வடியவிட்டால், சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து வெளியேறிவிடும்.

இனி மஞ்சள் இலை. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்காமல் உரம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அடியிலுள்ள முற்றிய இலைகள் முழுவதுமாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. அதற்கு யூரியாவை விட, ஊற வைத்த கடலைப் புண்ணாக்கை நீர்க்கக் கரைத்து ஊற்றுவதே தொட்டிக்குப் பாதுகாப்பு. முற்றிய இலையில் காம்பருகே மட்டும் ஆப்பு வடிவில் பச்சை தங்கி, மற்ற பகுதி மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் மெக்னீசியம் சல்பேட் கரைத்துத் தெளிக்கலாம். கொழுந்து இலை வெளிறி, நரம்பு மட்டும் வலைபோலப் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். நீ அனுப்பிய இரண்டாவது படம் இதைத்தான் காட்டுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை, போர் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை கூடிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. ஆகவே மண்ணில் மேலும் மேலும் போட்டுப் பயனில்லை, இலைவழியாகக் கொடுக்க வேண்டும். கொழுந்து சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கிடையே திட்டுத்திட்டாக மஞ்சளித்தால் துத்தநாகக் குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதற்கு மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில், புதுத்தளிர் விட்ட பிறகு, லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் தெளிக்கச் சொல்கிறார்கள். இவற்றையெல்லாம் மாலை வெயில் தணிந்த பின் தெளி. தண்ணீரைச் சரிசெய்து புதுத்தளிர் வரும் வரை பொறுத்திருந்து, அந்தத் தளிரும் வெளிறியே வந்தால் மட்டும் இவற்றுக்குப் போ; ஏற்கெனவே மஞ்சளான இலை எப்படியும் முழுப் பச்சைக்குத் திரும்பாது.

பூ கொட்டுவதைப் பற்றி நீ கவலைப்படுமளவுக்கு ஒன்றுமில்லை. எலுமிச்சை தாங்கக்கூடியதை விடப் பல மடங்கு பூக்கும், அவற்றில் சூல் இல்லாத ஆண் பூக்களும் கலந்திருக்கும், நூற்றில் சில மட்டுமே காயாக நிற்கும். பட்டாணி அளவுப் பிஞ்சுகளும் கொத்தாக உதிர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் வெள்ளமாக ஊற்றுவது அதற்கு முதற்காரணம், காய் வெடிப்பதற்கும் அதுவே காரணம். பூக்காமலே இலையாகத் தழைக்கும் செடிக்குத் தழைச்சத்து மிகுந்திருக்கும், அல்லது வெயில் குறைந்திருக்கும்; நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். பூ பழமாவதற்கு ஐந்தாறு மாதம் ஆகும் என்பதையும் பேத்தியிடம் சொல்லி வை, தினமும் கிள்ளிப் பார்க்கிறாளாமே.

பூச்சிகளில் உன் செடியில் இருப்பது, இலையில் வெள்ளிக்கோடு கிழித்து வளைந்து வளைந்து செல்லும் இலைத்துளைப்பான். அது கொழுந்தை மட்டுமே தாக்கும், முற்றிய இலையை ஒன்றும் செய்யாது. தளிர் விடும் காலத்தில் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் கலந்து வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தால் போதும். அழகுக்காக அடிக்கடி கவாத்து செய்யாதே. வெட்ட வெட்டப் புதுத்தளிர் வரும், தளிர் வர வர இப்பூச்சியும் வரும். பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டு, பின்னர் பச்சை நிறமாகி இலையைத் தின்று தீர்ப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டை நீட்டி நாற்றம் விடும், பயப்பட ஏதுமில்லை. மருந்து வேண்டாம், கையால் பொறுக்கு. ஒன்றிரண்டைக் கறிவேப்பிலைச் செடியில் விட்டு வை. அதையும் தின்னும், கூட்டுப்புழுவாகிச் சிறகு விரிப்பதைக் குழந்தை பார்க்கட்டும். இலையில் கரி பூசினாற்போல் இருந்தால் துடைத்துவிட்டு, தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பார். அசுவினியோ மாவுப்பூச்சியோ கழிக்கும் இனிப்பு நீரின் மேல் வளரும் பூசணம் அது.

மருந்துக்கு வேலை இருக்கும் இடம் சொறி நோய். இலையிலும் காயிலும் மேடாகச் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி எழும்பி, இலையில் அதைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். இது பாக்டீரியாவால் வருவது. மழைத் துளி தெறித்துப் பரவும், இலைத்துளைப்பான் கிழித்த காயத்தின் வழியே எளிதாக நுழையும். புள்ளி கண்ட கிளைகளை மழையற்ற நாளில் வெட்டி அப்புறப்படுத்து, கத்தரிக்கோலை டெட்டாலில் துடைத்துக்கொள், பிறகு லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு கரைத்து மாதத்துக்கொரு முறை தெளி. இலையை நனைத்துத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடு. காயின் தோலில் சொறி இருந்தாலும் சாறு கெடுவதில்லை, ஊறுகாய்க்குத் தாராளமாக ஆகும்.

நாற்றங்காலில் ஒட்டுக்கன்று என்று சொல்லிக் கொடுத்தார்களா, விதைக்கன்றா? நம் ஊர்ப்பக்கம் விதைக்கன்றுதான் வழக்கம். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், வீரியமானவை பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே காய்க்கும், ஆனால் நான்கைந்து ஆண்டு பொறுக்க வேண்டும். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்துகளை உடனுக்குடன் கிள்ளிவிடு, இல்லையேல் அவையே சத்தை இழுத்துக்கொண்டு மேற்கிளையைச் சாகடிக்கும். தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்து வைத்திருந்தால் விலக்கு. அடித்தண்டில் பிசின் வடிகிறதா என்று உன் படங்களில் தெரியவில்லை. அந்த இடத்தையும், ஓர் இலையின் அடிப்பக்கத்தையும், தொட்டியின் துளையையும் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. சித்தப்பா அடுத்த வாரம் சென்னை வருகிறார். வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன், மண்ணோடு ஒரு கைப்பிடி மட்டும் கிளறிவிடு, மீதியைக் காற்றுப்புகாமல் மூடி வை.

அன்புடன்,
அம்மா