கடைசி வேலை நாள் எது என்று முதலில் முடிவாகட்டும்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய செட்டில்மெண்ட் கணக்கைப் பார்த்தேன். திடீரென்று ஏன் விட்டாய் என்று கேட்கப் போவதில்லை. அந்த ஆபீசில் உன்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இனி காகித வேலை. அதை வரிசை தெரிந்து செய்தால் முடியும்.

முதல் சிக்கல் பணம் இல்லை, தேதி. ஜூன் 11 மாலை ராஜினாமா மெயில் போட்டுவிட்டுக் கிளம்பினாய். கம்பெனிக் கணக்கில் நீ இன்னும் 'சொல்லாமல் வராதவள்'. வேலையிலிருந்து விடுவித்தோம் என்று தரும் ரிலீவிங் லெட்டர், பி.எஃப்., இன்சூரன்ஸ், புனேவில் உன் புதிய கம்பெனி செய்யப்போகும் வெரிஃபிகேஷன் எல்லாமே கடைசி வேலை நாள் என்ற ஒரே தேதியில் தொங்குகின்றன. அது எழுத்தில் முடிவாகும் வரை எச்.ஆர். உன்னை 'அப்ஸ்காண்டிங்' என்று எழுத இடமிருக்கிறது. ராஜினாமா செய்தவள் என்பதற்கும் ஓடிப்போனவள் என்பதற்கும் வேறுபாடு, ஏன் வரவில்லை என்று அவர்கள் அனுப்பும் கடிதங்களுக்கு நீ பதில் போட்டாயா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. இரண்டு கடிதம் வந்தது என்றாய். மூன்றாவது பழைய பி.ஜி. முகவரிக்குப் போயிருக்கலாம், அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேள்.

பதிலை உன் சொந்த மெயிலில் இருந்து எச்.ஆருக்கு அனுப்பு, மேனேஜருக்கும் சம்பளப் பிரிவுக்கும் நகல் போடு. தலைப்பில் எம்ப்ளாயி நம்பர் இருக்கட்டும். ராஜினாமா மெயிலை இணைத்து, 'ஜூன் 11 அன்று ராஜினாமா கொடுத்துவிட்டேன், அதுவே என் கடைசி வேலை நாள், மீதி நோட்டீஸுக்கு ஆஃபர் லெட்டரில் உள்ளபடி பணம் கட்டத் தயார்' என்று மட்டும் சொல். மேனேஜர் பேசிய பேச்சு எதுவும் அதில் வேண்டாம். கோபம் ஒரு வரி இருந்தாலும் அவர்கள் அந்த வரிக்குத்தான் பதில் எழுதுவார்கள். போனில் யாராவது பேசினால், வைத்த கையோடு 'இன்று நீங்கள் சொன்னது இது' என்று ஒரு மெயில் போட்டுவிடு.

இப்போது கணக்கு. உன் மாதச் சம்பளம் மொத்தம் (கிராஸ்) 60,000, அதில் அடிப்படைச் சம்பளம் (பேசிக்) 30,000. விடுவதற்கு முன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் 60 நாள். அவர்கள் மொத்தச் சம்பளத்தில் இரண்டு மாதம் 1,20,000 போட்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 21,600 சேர்த்து 1,41,600 என்கிறார்கள். அதில் 11 நாள் சம்பளம் 22,000 கழித்து 1,19,600 கட்டச் சொல்கிறார்கள்.

ஜி.எஸ்.டி. கிடையவே கிடையாது. நோட்டீஸ் பணத்துக்கு ஜி.எஸ்.டி. வராது என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று 178/10/2022 எண்ணுள்ள சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எண்ணைக் குறிப்பிட்டு எழுது, வாதாட மாட்டார்கள். அடுத்தது, ஆஃபர் லெட்டரில் 'பேசிக்' என்று இருக்கிறதா, 'கிராஸ்' என்று இருக்கிறதா பார். நீ சொன்னபடி பேசிக் என்றால் இரண்டு மாதத்துக்கு 60,000தான். மூன்றாவது, 14 நாள் லீவு பாக்கியை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு நாள் பேசிக் 1,000 வீதம் 14,000. ஆக 60,000 கழித்தல் 22,000 கழித்தல் 14,000. நீ கட்ட வேண்டியது 24,000. சில கம்பெனிகள் லீவுக்கு மாதத்தை 30க்குப் பதில் 26 ஆல் வகுக்கும். அப்படி இருந்தால் உனக்குக் கொஞ்சம் கூடுதல் வரும், பாலிசியைப் பார்.

இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன் என்ற பாண்ட் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே? போட்டிருந்தால் கதை வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விட்டால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிராஜுவிட்டி பேச்சு உனக்கு இல்லை, மூன்று வருஷம்தான் ஆகிறது.

லேப்டாப்பை இந்த வாரமே அனுப்பு. அதை வைத்துக்கொண்டு பேரம் பேசலாம் என்று உன் சிநேகிதி சொன்னது தப்பான யோசனை. திருட்டுப் புகாருக்கு நீயே காரணம் கொடுப்பதாகும். ஃபார்மட் செய்யாதே, உன் சொந்தக் கணக்குகளில் இருந்து வெளியேறினால் போதும். சீரியல் நம்பர், சார்ஜர், ஐ.டி. கார்டு எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுத்து, மதிப்பைக் குறிப்பிட்டு இன்சூரன்ஸோடு கூரியர் செய். யார் பெயருக்கு அனுப்புவது என்று முன்னாலேயே கேட்டு வாங்கு. பெயர் இல்லாமல் போகும் பெட்டி செக்யூரிட்டி கேட்டிலேயே கிடக்கும், கம்ப்யூட்டர் பிரிவின் ரிஜிஸ்டரில் ஏறாது, உன்னிடம் பாக்கி இல்லை என்ற 'நோ டியூஸ்' அங்கேயே நின்றுவிடும். கிடைத்தது என்று சீரியல் நம்பரோடு மெயில் வர வேண்டும்.

பி.எஃபில் ஒரு பொறி இருக்கிறது. கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து பி.எஃபுக்கான யு.ஏ.என். போர்ட்டலில் 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' வழியாக ஆதார் ஓ.டி.பி. கொடுத்து நீயே போடலாம். ஆனால் கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள் இருக்கும் தேதியைத்தான் அது ஏற்கும். ஜூன் சம்பளத்தை நிறுத்திவைத்து அந்த மாதச் சந்தாவையும் கட்டாமல் விட்டால், மே மாதத் தேதிதான் போட முடியும். உன் கடிதங்களில் ஜூன் 11, பி.எஃபில் மே. அதனால் 11 நாள் சம்பளத்துக்கான சந்தாவையும் கட்டச் சொல்லி மெயிலில் தனியாகக் கேள். பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே இரு. கட்டாவிட்டால் பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓவின் குறைதீர்க்கும் போர்ட்டலில் புகார் போடு. பணத்தை எடுக்காதே, புதிய கணக்குக்கு மாற்று. ஐந்து வருஷத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி வரும்.

செட்டில்மெண்ட்டுக்கு 45 நாள் ஆகும் என்று பழைய பாலிசியைக் காட்டுவார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளில் சம்பளப் பாக்கி தர வேண்டும் என்கிறது. சண்டைக்கு இல்லை, ஒரு வரியாக நினைவூட்டு.

24,000ஐக் கட்டும் முன், 'பணம் வந்த இத்தனை நாளில் ரிலீவிங் லெட்டர் தருகிறோம்' என்று மெயில் வாங்கு. கம்பெனி வங்கிக் கணக்குக்கு மட்டும் நெஃப்ட் செய்; எந்த ஆளின் ஜிபேவுக்கும் அனுப்பாதே. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை நீட்டினால், கணக்கு ஒத்துப்போன பிறகே கையெழுத்து. கடிதம் வந்ததும் சேர்ந்த தேதி, பதவி, கடைசி நாள் மூன்றும் சரியா பார்.

புனே கம்பெனியிடம் வெரிஃபிகேஷன் தொடங்கும் முன்பே, ரிலீவிங் லெட்டர் வரவில்லை, இந்தக் காரணத்தால் நிற்கிறது என்று சொல்லிவிடு. ராஜினாமா மெயில், பே ஸ்லிப், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மெண்ட், பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி ஆகியவற்றைக் கொடு. பல இடங்களில் இவற்றை வைத்தே ஏற்றுக்கொள்வார்கள். யாராவது ஒரு லெட்டரைத் 'தயார் செய்து' தருகிறேன் என்றால் அந்த ஆளோடு பேச்சையே நிறுத்து. பழைய சம்பளக் கணக்கையும் அங்கே கொடு, இல்லையென்றால் ரிட்டர்ன் போடும்போது வரி மொத்தமாக வந்து நிற்கும்.

நீ போடும் மெயில்களுக்குப் பதில் வராவிட்டால் கம்பெனியின் பதிவு முகவரிக்கு, ஆபீஸ் முகவரிக்கு இல்லை, ஒரு கடிதம் போகட்டும். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் அந்த முகவரி கிடைக்கும். பழைய பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025 செப்டம்பர் முதல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் டெலிவரிச் சான்றும் வேண்டும் என்று கேள். வக்கீல் நோட்டீஸ் அதற்கும் பிறகுதான்.

ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பற்றிய பக்கத்தை இன்று இரவே படம் எடுத்து அனுப்பு. பதில் மெயிலை எழுதி எனக்குக் காட்டிவிட்டு அனுப்பும்மா.

அப்பா