கிரீன்வுட் மக்களுக்குத் துல்சா நகரம் தர வேண்டிய கடனைத் தீர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் சார்பாக, தெற்குத் துல்சாவில் வசிக்கும் குடிமகன் ஒருவர்,
துல்சா, ஓக்லஹோமா மாநிலம்.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் மன்ரோ நிக்கல்ஸ் அவர்கள்,
துல்சா மாநகரம்.

நாள்: டிசம்பர் 2025

பொருள்: துல்சாவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட்டில் 1921இல் வெள்ளையர் கும்பல் நடத்திய படுகொலைக்கான இழப்பீட்டை, அதை நேரில் கண்டவர் உயிரோடு இருக்கும்போதே நகரம் நேரடியாகத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனதில் உள்ளதைத் தாய்மொழியில்தான் முழுதாகச் சொல்ல முடிகிறது. அதனால் இந்த மனுவைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் 244ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன். அது யாருடைய தெருக்களை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வீடு தேடியபோது, கூட வந்த தரகர் வடக்குப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

கேட்டது என் மகள். கிரீன்வுட் அவென்யூ நடைபாதையில் சிறிய உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள் அல்லவா? ஒவ்வொன்றிலும் ஒரு கடையின் பெயர், 1921இல் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு, சிலவற்றில் மீண்டும் திறக்கப்படவில்லை என்ற வரி. குனிந்து குனிந்து படித்துக்கொண்டே வந்தவள், "ஏம்பா திறக்கல? இன்சூரன்ஸ் இல்லையா?" என்று கேட்டாள். பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த மனு அப்படித்தான் பிறந்தது.

1921 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 பகலுக்குள், வெள்ளையர் கும்பல் வைத்த தீயில் கிரீன்வுட்டின் சுமார் 35 தெருப் பகுதிகள் எரிந்தன. செஞ்சிலுவைச் சங்கம் எண்ணியபடி சாம்பலான வீடுகள் 1,256. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். உயிர் பிழைத்த ஆயிரக்கணக்கானோரை முகாம்களில் அடைத்து வைத்தார்கள். வெள்ளைக்கார முதலாளி யாராவது பொறுப்பேற்றால்தான் வெளியே வர முடியும்.

என் மகளின் கேள்விக்கான பதில் இதற்கு அப்புறம்தான் வருகிறது. கலவரத்தில் எரிந்ததற்குப் பணம் இல்லை என்ற விதியைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கைவிரித்தன. நகராட்சியிடம் வந்த இழப்பீட்டு மனுக்களின் மொத்த மதிப்பு 18 லட்சம் டாலருக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை தள்ளுபடி ஆயின. கடையிலிருந்து துப்பாக்கிகளைப் பறிகொடுத்த ஒரு வெள்ளைக்காரருக்கு மட்டும் பணம் கிடைத்தது. போதாக்குறைக்கு, எரிந்த இடத்தில் மரத்தால் வீடு கட்டக் கூடாது என்று தீத்தடுப்பு விதி ஒன்றையும் நகராட்சி கொண்டுவந்தது. ஏழைகள் திரும்பிக் கட்டவே முடியாதபடி அது போடப்பட்டது. வழக்கறிஞர் பி. சி. பிராங்க்ளின் ஒரு கூடாரத்தில் அலுவலகம் வைத்து, வழக்காடி அந்த விதியை முறியடித்தார். கலகக்காரர்கள் செய்தது ஒரு நாள் கொடுமை. காகிதத்தில் செய்தது நகராட்சி. அதனால்தான் நகராட்சியிடமே கேட்கிறேன்.

மவுண்ட் சயான் தேவாலயத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1921 ஏப்ரலில்தான் புதுக் கட்டடத்தில் முதல் ஆராதனை நடந்தது. இரண்டு மாதம்கூட ஆகாமல் எரித்துவிட்டார்கள். கட்டுவதற்கு வாங்கிய 50,000 டாலர் கடன் அப்படியே நின்றது. அந்தச் சபையார், வீடும் கடையும் இழந்தவர்கள், கடனை ரத்து செய்யுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இல்லாமல் போன ஒரு கட்டடத்துக்காகச் சிறுகச் சிறுகக் கட்டி 1942இல் கடனை முடித்தார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எரிக்கப்பட்டவர்கள் தங்கள் கடனை 21 ஆண்டுகளில் தீர்த்திருக்கிறார்கள். நகரத்தின் கடன் 104 ஆண்டுகளாக நிற்கிறது.

பிராங்க்ளினின் மகன், வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் பிராங்க்ளின் பெயரில் சமரசப் பூங்கா ஒன்று 2010 முதல் இங்கே இருக்கிறது. நானும் குடும்பத்தோடு போயிருக்கிறேன், மனதைத் தொடும் இடம். ஆனால் எங்கள் ஊரில் பங்காளிகளுக்குள் வரப்புச் சண்டை வந்தால்கூட, பிடித்துக்கொண்ட நிலத்தை விடாமல் "சரி, பழசை மறந்துடலாம்" என்று ஒருவர் சொன்னால் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எடுத்ததை முதலில் வை, பேச்சு அப்புறம் என்பார்கள். இந்த நாட்டில் இன சமரசம் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. எடுத்ததைத் திரும்ப வைப்பதுதான் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

முடியாத காரியமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களில் அப்போது உயிரோடு இருந்தவர்களுக்கு, 1988 சட்டத்தின்படி தலைக்கு 20,000 டாலரும் மன்னிப்பும் அரசு தந்தது. துல்சாவில் நடந்ததை ஆராய ஓக்லஹோமா மாநிலம் அமைத்த ஆணையமே, இழப்பீடு தர வேண்டும் என்று 2001 அறிக்கையில் பரிந்துரைத்தது. தப்பிப் பிழைத்தவர்கள் பொதுத் தொல்லைச் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கை 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோதுகூட, குறை நியாயமானது, ஆனால் அந்தச் சட்டத்துக்குள் வராது என்றுதான் சொன்னது. சட்டத்தின் கதவு அடைபட்டால் நகர மன்றத்தின் கதவு இருக்கிறது.

இந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர் நீங்கள். கடந்த ஜூன் 1 அன்று 10.5 கோடி டாலர் அறக்கட்டளையை அறிவித்தீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அது தனியார் நன்கொடையில் திரட்டும் நிதி. தப்பிப் பிழைத்தவர்களுக்கு நேரடியாகப் பணம் தரும் ஏற்பாடு அந்த அறிவிப்பில் இல்லை. நன்கொடை வேறு, கடனைத் தீர்ப்பது வேறு. ஒரு தொகையாவது நகரத்தின் கஜானாவிலிருந்து, இது நாங்கள் தர வேண்டியது என்ற சொல்லோடு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அதுவும் உடனே. தப்பிப் பிழைத்தவர்களில் ஹியூஸ் வான் எல்லிஸ் 2023இல் போய்விட்டார். அவருடைய அக்கா வயோலா பிளெட்சர் அம்மா போன மாதம் 111 வயதில் காலமானார். இப்போது லெஸ்ஸி ராண்டில் அம்மா ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் 111 வயது. அவர் கையில் கொடுங்கள், ஐயா.

படுகொலையில் இறந்தவர்களின் உடல்களைத் தேடி ஓக்லான் கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் அகழ்வையும் நிதி இல்லை என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. 2024இல் மரபணுச் சோதனையால் சி. எல். டேனியல் அடையாளம் காணப்பட்டார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். மகன் துல்சாவில் கொல்லப்பட்டான் என்று அவர் தாயின் சார்பில் 1936இல் வழக்கறிஞர் எழுதிய கடிதம் கோப்பில் கிடந்திருக்கிறது. அந்தத் தாய் கேட்டதற்கு மண்ணைத் தோண்டித்தான் பதில் கிடைத்தது. இன்னும் எத்தனை தாய்களோ. நெடுஞ்சாலையைக் கிரீன்வுட்டிலிருந்து அகற்றும் யோசனைக்கும் உங்கள் ஆதரவு வேண்டும்.

"அப்போ நாம இங்க இல்லையே, நம்ம வரி எதுக்கு?" என்று எங்கள் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நாங்கள் சொன்ன பதில் இது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மைப் போன்றவர்கள் பெருமளவில் வர வழி திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறை போய் நடத்திய சம உரிமைப் போராட்டத்தின் காலத்தில்தான், அதன் வேகத்தில்தான் அந்தச் சட்டம் வந்தது. அவர்கள் திறந்த கதவு வழியே வந்த நாங்கள், எங்கள் வரியிலிருந்து இதற்குப் பங்கு போவதை மனதார விரும்புகிறோம்.

அடுத்த நகர மன்றக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எங்களுக்குச் சில நிமிடங்கள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். என் மகளும் வருவாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துல்சா வாழ் தமிழ்க் குடும்பத்தினர்