விரலால் வரைந்த முகங்கள்: கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

வியன்னாவின் பெல்வெடெர் அருங்காட்சியகத்தில் கானா நாட்டு ஓவியர் அமோவாகோ போவாஃபோவின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். சட்டை, பின்னணி எல்லாம் அவ்வளவு சுத்தமாக வரைந்தவர் முகத்தை மட்டும் ஏன்மா இப்படி அழுத்தி இழுத்துக் காயம் மாதிரி விட்டிருக்கிறார் என்று கேட்டாய். நல்ல கேள்வி. போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கைவேலையைப் பார். உடைக்கும் பின்னணிக்கும் அவர் தூரிகை எடுக்கிறார். சில உடைகளில் இருக்கும் பூ டிசைன், பரிசுப்பொருள் சுற்றும் காகிதத்திலிருந்து துணியில் பதித்து எடுத்தது. தோலுக்கு வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய் வண்ணத்தை விரலாலேயே பூசுகிறார். பழுப்பு, அதன் மேல் நீலம், நடுவில் கொஞ்சம் காவி, எதுவும் முழுதாகக் கலக்காமல் கன்னத்தைச் சுற்றிக் கோடு கோடாக ஓடும். விரல் நாம் சொன்னபடி கேட்காது, தூரிகை கேட்கும். அந்தப் பிடி நழுவுவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவரே பேசியிருக்கிறார். நீ காயம் என்கிறாய். எனக்கு அதில் தெரிவது தொடுதல். உனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது நெற்றி வரைக்கும் அழுத்தித் தேய்ப்பேனே, அப்படி ஒரு முகத்தை ஒரு கை முழுசாகத் தொட்டுப் போன தடம்.

அப்புறம், இந்த முறை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பாதி பதில் நீ இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் பிறந்து, அங்கே கானாட்டா கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, வியன்னா நுண்கலை அகாதமிக்கு வந்து சேர்ந்தவர் அவர். அங்கே, நூறு வருஷத்துக்கு முன்பே இறந்துபோன ஆஸ்திரிய ஓவியர் எகான் ஷீலேயின் படங்களைப் பார்க்கிறார். வெறும் பின்னணி, முறுக்கிய விரல்கள், நடுங்கும் கோடு, உடம்பைப் பார்த்தாலே மனசு தெரிந்துவிடும் அந்த வகை. லியோபோல்ட் அருங்காட்சியகத்தில்தான் ஷீலேயின் பெரிய தொகுப்பு இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். ஆனால் ஷீலே தன்னையே திரும்பத் திரும்பத் தோண்டினார். போவாஃபோவும் தன்னை வரைந்திருக்கிறார், ஆனாலும் கூடுதலாக வரைந்தது நண்பர்களையும் தெரிந்தவர்களையும் தான் மதிக்கும் கறுப்பின மனிதர்களையும்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்றால், ஷீலே மாதிரி உருவத்தையும் வண்ணத்தையும் முறுக்கி உள்ளுணர்ச்சியை வெளியே கொண்டுவரும் எக்ஸ்பிரஷனிசத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1905-ல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஓவியர் கிர்ஷ்னரும் நண்பர்களும் 'டீ ப்ரூக்க' என்ற ஓவியர் குழுவைத் தொடங்குகிறார்கள். அந்த ஊர் இனவியல் அருங்காட்சியகத்தில் இருந்த ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பார்த்து அசந்துபோகிறார்கள். அதே ஆண்டுகளில், 1904 முதல் 1908 வரை, இன்றைய நமீபியாவில் ஜெர்மன் படை ஹெரெரோ, நாமா மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது 2021-ல்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த ஓவியங்களை ரசிக்க என்னால் முடியவில்லை.

கிர்ஷ்னரின் ஸ்டூடியோவுக்கு மில்லி என்று ஒரு கறுப்பினப் பெண் மாடலாக வந்தாள். 1911-ல் வரைந்த 'தூங்கும் மில்லி' ப்ரெமென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடை இல்லாமல் படுத்திருக்கிறாள், கண் மூடியிருக்கிறது. கிர்ஷ்னரின் வண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும், அதை மறுக்கவே மாட்டேன். ஆனாலும் அந்தப் படத்தில் கொதிப்பது முழுக்க அவருடைய ஆசை, அவருடைய ஐரோப்பா மேல் அவருக்கிருந்த கோபம். மில்லிக்கு என்ன தோன்றியது என்று கேட்க அதில் இடமே இல்லை. நாம் அவளைப் பார்க்கலாம், அவள் நம்மைப் பார்க்க முடியாது.

போவாஃபோவின் ஆட்கள் அநேகமாக எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள், கவனித்தாயா? கெஞ்சல் இல்லை, முறைப்பும் இல்லை. ஒரு மஞ்சள் சட்டை, கொஞ்சம் சாய்ந்த உடம்பு, நீ வந்து நிற்பதற்கு முன்பே அங்கே இருப்பவர் மாதிரி ஒரு பார்வை. ஆப்பிரிக்க அடையாளம் என்றதும் முகமூடியும் முரசும் தேடுகிறவர்களுக்கு அதில் எதுவும் கிடைக்காது. நல்ல துணி உடுத்திக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர், அவ்வளவுதான். அந்த நிதானத்துக்குப் பக்கத்தில், அடங்காமல் சுழல்கிற அந்தத் தோல். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால்தான் அது போஸ்டர் ஆகாமல் மனிதராக நிற்கிறது. முகத்தையும் சட்டை மாதிரி வழவழப்பாக வரைந்திருந்தால் நீ ஒரு நிமிஷத்தில் நகர்ந்திருப்பாய்.

விலையைப் பற்றியும் கேட்டாய். 2019-ல் அவர் வரைந்த ஒரு படம் 2020 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 6,75,000 பவுண்டுக்குப் போனது, எதிர்பார்த்த விலையைவிடப் பல மடங்கு. ஏலத்தில் வரும் பணம் படத்தை விற்றவருக்குத்தான் போகும், வரைந்தவருக்கு அல்ல. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2022-ல் அவர் அக்ராவில் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய 'டாட் அட்டெலியர்ஸ்' என்று ஓர் இடம் தொடங்கியது. அவருடைய அம்மா வீட்டு வேலைக்குப் போனவர், அவர் வேலை செய்த இடத்து ஆள் ஒருவர் கட்டணம் கட்டித்தான் இவர் ஓவியம் படித்தார். அந்தக் கதை தெரிந்தவர் கட்டிய இடம் அது.

நீ திரும்ப வரைய ஆரம்பித்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அடுத்து யாரை வரைந்தாலும் அவரை எதிரே உட்கார வைத்து, பேசிக்கொண்டே வரை. போட்டோவைப் பார்த்து வரையாதே. முடித்ததும் முகத்தை மட்டும் பக்கத்து வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா