பாப்பாவுக்கு, டிரான்ஸ்ஃபார்மர் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

எடிசனில் இன்னும் குளிர் விடவில்லை. அம்மா நலம். பரணில் இருந்த பொம்மை ரயில் டிரான்ஸ்ஃபார்மரை, அந்தப் பழைய லயனல் இசட்-டபிள்யூவை, நீ எடுத்துப் போய்ப் பையனுக்கு ரயில் ஓட்டிக் காட்டுகிறாயாம், அது நிமிஷத்துக்கொரு முறை 'டிக்' என்று நின்றுவிடுகிறதாம். அம்மா சொன்னாள். அந்தக் கனத்தை மூன்று மாடி ஒற்றை ஆளாகவா தூக்கினாய்?

முதலில் பிளக்கைப் பிடுங்கு. ஒயரை மெதுவாக வளைத்துப் பார். எழுபது வருஷத்து ரப்பர். வெடித்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதே, பையன் கை வைக்கிற இடம்.

அப்புறம் ஏ, பி, சி, டி, யூ எல்லாத் திருகிலிருந்தும் ஒயர்களைக் கழற்றிவிட்டுப் பிளக்கை மாட்டு. யூ என்பது மற்ற நாலுக்கும் பொதுவான திரும்பும் வழி. அப்போதும் டிக் என்றால் கோளாறு பெட்டிக்குள். இல்லையென்றால் தண்டவாளத்தில். தடம் புரண்ட சக்கரம் ஏதாவது நடுத் தண்டவாளத்தைத் தொடுகிறதா பார். அதுவும் இல்லையா, கார் பிரேக் விளக்கு பல்பு ஒன்றை ஏ-க்கும் யூ-வுக்கும் நடுவே கட்டி 12 வோல்ட்டில் வை. அது இழுப்பது சுமார் 2 ஆம்பியர்தான். அதற்கே ட்ரிப் ஆனால், கரண்ட் அதிகமானால் துண்டிக்கிற பிரேக்கர் தளர்ந்துவிட்டது. உள்ளே இருப்பது ஒரு தகடு. சூடானால் வளைந்து விலகும், ஆறினால் திரும்ப ஒட்டும். வருஷக்கணக்கில் விலகி ஒட்டி முனை கருகினால் கொஞ்சச் சூட்டுக்கே விட்டுவிடும். புதிது வாங்கிப் போடலாம்.

இன்னொன்று. ஏ ஒரு வோல்ட்டிலும் டி வேறு வோல்ட்டிலும் இருக்கும்போது, அவை கரண்ட் கொடுக்கும் இரண்டு தண்டவாளப் பகுதியும் சேரும் இடத்தில் ரயில் நின்றால் கரண்ட் அவை இரண்டுக்குள்ளேயே சுற்றும். பிரேக்கர் இருப்பது யூ பக்கம், அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு ஒயரிலும் தனித்தனியாக 10 ஆம்பியர் ஃப்யூஸ் போடு.

பத்து வயதில் மூன்றாவது தண்டவாளம் எதற்கென்று மாமாவுக்கே விளக்கியவள் நீ. உனக்கு இதெல்லாம் வரும். ஆனால் எனக்கே ஒரு போன் போட்டிருக்கலாம். பொங்கலுக்கும் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிட்டாய்.

பேஸ்மென்ட்டில் புகை வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நீதான் எதையோ திருகிக் கெடுத்தாய் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அதற்குப் பிறகு நீ கீழே இறங்கவே இல்லை. பாப்பா, அது நீ இல்லை. அடிக்கடி ட்ரிப் ஆகிற எரிச்சலில், முந்தின ராத்திரி பிரேக்கரின் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் நான்தான் சேர்த்துக் கட்டினேன். மறுநாள் திறந்தபோது அதன் உறை உருகித் தகட்டோடு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ மேலே அழுதுகொண்டிருந்தது கேட்டது.

இப்போது நீ திறந்தால் பிரேக்கர் பக்கத்தில் கறுப்பாக ஒரு தடம் இருக்கும். அது என் வேலை.

சனிக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு வரட்டுமா? சோபாவில் படுத்துக்கொள்கிறேன். நான் எதுவும் கேட்க மாட்டேன். பிளக்கைப் பிடுங்காமல் மட்டும் திறந்துவிடாதே.

அப்பா