பிள்ளைகளிடம் கேட்க வேண்டாத கேள்வி

அன்புள்ள பெற்றோருக்கு,

வரும் புதன்கிழமை நமது மாணவர் பாராளுமன்றம் ஒரு ‘ஜனாதிபதி’யைத் தெரிவுசெய்யப் போகிறது. “பள்ளிக்கூடத்துக்குள் எதற்கு அரசியல்?” என்று சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். “அதிபர் நீங்கள் இருக்க ஜனாதிபதி எதற்கு?” என்று ஒரு தந்தை சிரித்தார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நமக்குப் பழக்கமானது நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி. 2022 ஜூலை 20 அன்று இலங்கைப் பாராளுமன்றம் மூன்று வேட்பாளர்களுக்கு 134, 82, 3 என்று வாக்களித்ததும் அந்தப் பதவிக்குத்தான். அதிகாரம் பிரதமரிடம் இருக்க, பெயரளவில் தலைவராக இருந்தவரும் நம் நாட்டில் உண்டு: 1972 முதல் 1978 வரை வில்லியம் கொபல்லாவ. ஆனால் அவரைப் பாராளுமன்றம் வாக்களித்துத் தெரிவுசெய்யவில்லை, பிரதமர்தான் பெயர் குறித்தார்.

அதனால், பெயரளவிலான தலைவரைப் பாராளுமன்றமே வாக்களித்துத் தெரிவுசெய்யும் எஸ்தோனியாவின் முறையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே பாராளுமன்றத்தில் 101 உறுப்பினர்கள்; வெல்ல மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 68 வாக்குகள் வேண்டும். முதல் இரண்டு சுற்றிலும் யாருக்கும் அது கிடைக்காவிட்டால், மூன்றாம் சுற்றில், இரண்டாம் சுற்றில் முன்னின்ற இருவர் மட்டும். அதிலும் முடியாவிட்டால் உள்ளூராட்சிப் பிரதிநிதிகளும் சேர்ந்த பெரிய மன்றம் கூடும். 2016இல் அந்த மன்றத்திலும் ஒருவரும் தேறவில்லை. விஷயம் பாராளுமன்றத்துக்கே திரும்பி வந்தது. கடைசியில், முந்தைய சுற்றுகள் எதிலும் நிற்காத கெர்ஸ்தி கல்யுலைத் 81 வாக்குகளோடு ஜனாதிபதியானார்! எல்லாத் தரப்புக்கும் பொதுவாக நிற்கவேண்டியவரை ஒரு கட்சி தனியே கொண்டுவர முடியாதபடிதான் அந்த 68.

நம்மிடம் 60 உறுப்பினர்கள், தேவை 40. தரம் 11 பிள்ளைகள் முழுப்பேரும் ஒன்றுசேர்ந்தாலும் அது வராது. நிலாவெளி பஸ்ஸில் வருகிறவர்களும் நகரத்துப் பிள்ளைகளும் இப்போதே சிற்றுண்டிச்சாலை வாசலில் தலையோடு தலை வைத்துப் பேசுகிறார்கள். இடைவேளை மணி அடித்தாலும் கலைவதில்லை. கோபிக்க மனம் வரவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சென்ற வருடம் கையுயர்த்தி வாக்கெடுக்க விட்டது என் பிழை. பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கிய பிள்ளைகளைக் கண்டேன். இம்முறை வாக்குச்சீட்டு, மறைப்பு, பெட்டி எல்லாம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் “யாருக்குப் போட்டாய்?” என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்ல வந்தாலும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

மூன்று சுற்றும் போனால் பிற்பகல் 2.30 ஆகிவிடும். வான் சாரதிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாப்பாடும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை