மொட்ட மலைன்னு சொன்னியே, அதப் பத்தி

கண்ணு,

நல்லாருக்கியாம்மா? சாப்பாடு எல்லாம் செட் ஆயிடுச்சா? இங்க நானும் அம்மாவும் சவுக்கியம். மஸ்கட்ல எங்க திரும்புனாலும் மொட்ட மலைதான்பா, ஒரு மரம் கூட இல்ல, வெறும் கல்லுன்னு ஃபோன்ல சலிச்சுக்கிட்டியே, அத கேட்டதுலருந்து உனக்கு எழுதியே ஆகணும்னு இருந்துச்சு. நான் அங்க வேலை பாத்த காலத்துல எங்க சைட்டுக்கு வந்த ஒரு ஜியாலஜி சார் வெள்ளிக்கிழமை லீவுல எங்கள கூட்டிட்டுப் போயி காட்டுவாரு, அவர்கிட்ட கேட்டதுக்கப்புறம் அந்த ஹஜர் மலைய நான் வெறும் கல்லா பாத்ததே இல்ல.

நீ பாக்குற அந்த கருப்பும் பழுப்புமான பாறை இருக்கே, அது கடலுக்கு அடியில இருந்ததும்மா. கடல் தரை மட்டும் இல்ல, அந்த தரைக்கும் ஆறேழு கிலோமீட்டர் கீழ மேண்டில்னு ஒரு பாறை அடுக்கு இருக்குமே, அதுவும் சேந்து மேல வந்து கிடக்கு. சுமார் 9.5 கோடி வருஷம் முன்னாடி உருவான கடல் தளம் அது. பொதுவா கடல் தட்டுதான் கனம் ஜாஸ்தி, அதுதான் கண்டத்துக்கு அடியில போயி சொருகிக்கும், ஆனா இங்க அரேபியாவோட ஓரம் கீழ போகப் பாத்து, லேசா இருக்கறதால முழுசா போக முடியாம நின்னு, கடல் தளம் அது மேல ஏறி உக்காந்துருச்சு. இப்படி நிலத்து மேல ஏறி வந்த கடல் தளத்த ஓஃபியோலைட்னு சொல்லுவாங்க, உலகத்துலயே நிலத்து மேல இவ்ளோ பெருசா இவ்ளோ தெளிவா வேற எங்கயும் கிடையாது. மரம் இல்லன்னு சொன்னியே, அதுனாலதான் அத்தன நாட்டு ஜியாலஜிஸ்டும் அங்க வர்றாங்க, மண்ணும் காடும் மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது.

நிஸ்வா ரோட்ல போனா சமாயில் பக்கம் ரெண்டு பக்கமும் பாத்துட்டே போ. பழுப்புப் பாறைக்குள்ள வெள்ள வெள்ளயா நரம்பு மாதிரி ஓடும். மழைத் தண்ணி அந்த மேண்டில் பாறைக்குள்ள இறங்கும்போது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடையும் கூட்டிட்டுப் போயி கல்லாவே மாத்திடுது, அதான் அந்த வெள்ள. கொலம்பியா யுனிவர்சிட்டி பீட்டர் கெலமென் இத ரொம்ப காலமா அங்கயே ஆராய்ச்சி பண்றாரு, இப்ப கார்பன அங்கயே பாறைக்குள்ள புதைச்சிடலாம்னு வேலையும் ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு இத நினைச்சா இப்பவும் ஆச்சரியந்தான்.

ஜெபல் அக்தர், ஜெபல் ஷம்ஸ் மலைங்க வேற கத. அது சுண்ணாம்புப் பாறை, கடல் தளம் வந்து ஏறுறதுக்கு முன்னாடியே ஆழமில்லாத கடல்ல படிஞ்சது, அடியில கிடந்தது. அப்புறம் பூமி அந்த இடத்த வளைச்சு மேல தூக்குச்சு, மேல இருந்த மூடி தேஞ்சு போச்சு, கீழ இருந்தது இப்ப நாட்டுலயே உசரமான இடம், 3,000 மீட்டர் கிட்ட. ஷம்ஸ் மேல நின்னு வாதி நக்ர் பள்ளத்தாக்க எட்டிப் பாத்தா ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழம், ஓரத்துக்குப் போகாத, எல்லா இடத்துலயும் தடுப்பு கிடையாது. அக்தருக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லாம விடமாட்டாங்க, பிர்கத் அல் மவ்ஸ் செக்போஸ்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஏப்ரல்ல போனா ரோஜா இருக்கும்.

மலைக்குள்ள ஊறுற தண்ணிதான் ஃபலாஜ்னு சொல்ற வாய்க்கால் வழியா ஊருக்கு வருது. நிஸ்வால ஃபலாஜ் தாரிஸ் கட்டாயம் பாரு, 2006ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்த அஞ்சுல அதுவும் ஒண்ணு. தண்ணிய அவங்க நேரம் வச்சு பங்கு போட்டுக்குவாங்க, பகல்ல நிழல அளந்தும் ராத்திரில நட்சத்திரத்த பாத்தும் பிரிச்ச ஊரெல்லாம் உண்டு.

ஒண்ணு மட்டும் அப்பா சொன்னா கேக்கணும். மானம் இருட்டுனா வாதிக்குள்ள, அதான் அந்த காஞ்ச ஆத்துப் பள்ளத்துக்குள்ள, வண்டிய இறக்காத. மண்ணே இல்லாத மலைல பெய்யுற மழை உறிஞ்சாம அப்படியே ஓடி வரும், உன் தலைக்கு மேல வெயிலடிச்சாலும் மலைல பெஞ்சது வந்துடும். 2007ல கோனு புயல்ல மஸ்கட் பட்ட பாடு அங்க இருக்கறவங்க யார கேட்டாலும் சொல்லுவாங்க. ஃப்ரெண்ட்ஸ் போலாம்னு கூப்பிட்டாலும் நீ வண்டிய விட்டு இறங்கி நின்னுக்கோ. அந்த வெள்ள நரம்பு ஓடுற பாறைய கிட்டக்க போயி ஒரு ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பும்மா, அம்மாவுக்குக் காட்டணும்.

அப்பா