குழாய்ச் சத்தம்

அன்பு மகள் கவிதாவுக்கு அம்மா எழுதுவது.

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பையன் ராத்திரி முழுக்க முழித்திருக்கிறான், நண்பர்கள் வந்தாலும் கதவைத் திறப்பதில்லை, மார்க் சரிந்துவிட்டது என்றாய். 'ப்ளஸ் டூ டென்ஷன்மா' என்றாய். உன் தம்பிக்கு 19 வயதில் சைக்கோசிஸ் என்கிற மனநோய் வந்தபோது நானும் 'காலேஜ் டென்ஷன்' என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ கல்யாணமாகிப் போயிருந்தாய், உனக்கு முழுசாகத் தெரியாது. முதலில் குளிப்பதை விட்டான். அப்புறம் ஜன்னல் இடுக்கிலெல்லாம் பேப்பரைத் திணித்தான். நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் தட்டைத் தொடுவான். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். தண்ணீர் வீணாகிறதே என்று திட்டித் தீர்த்தேன். காதில் கேட்ட குரல்களை அந்தச் சத்தத்தில் அமுக்கப் பார்த்தான் என்பது, ஒரு வருஷம் கழித்து அவன் டாக்டரிடம் சொன்னபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு வருஷமும் தாயத்து, பரிகாரம் என்று அலைந்தோமே, நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சைக்கோசிஸ் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டுமாம். ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தி, பெண்களுக்குச் சில வருஷம் பிந்தி. 13 வயதுக்கு முன்னால் மிக அபூர்வம். குரல் கேட்பதற்கும் சந்தேகப்படுவதற்கும் பல மாதம் முன்பே தூக்கம் கெடும், பிள்ளை ஒதுங்கும், படிப்பு சரியும். வைத்தியம் தள்ளிப்போகப் போகத் தேறுவதும் கடினம் என்று டாக்டர் சொன்னார்.

பயந்துவிடாதே. ஒதுங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது. வெறும் மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் தாய்மாமனுக்கு இருந்ததை அவரிடம் மறைக்காதே. மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காதே.

பையனை அதட்டாதே. பக்கத்தில் உட்கார்ந்து, 'தூக்கம் வருதாடா? யாராவது உன்னைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கா?' என்று மெதுவாகக் கேள். ஆமாம் என்றால், அதெல்லாம் பிரமை என்று வாதாடாதே. நான் வாதாடித்தான் உன் தம்பி என்னிடம் பேசுவதையே நிறுத்தினான். உனக்குக் கை கால் ஓடவில்லையென்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416 டெலி மனாஸுக்குப் போன் போடு. இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

தம்பியிடம் சொன்னேன். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, கடைக் கணக்கெல்லாம் இப்போது அவன்தான் பார்க்கிறான். 'நானும் வர்றேன்மா, அவன்கிட்ட நான் பேசுறேன்' என்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்புகிறோம். அதற்குள் டாக்டரிடம் சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வை.

அம்மா